திக்குவாய்க்கு மருந்து தேடிய வரலாறு



மக்களினத்திற்கு வாய்த்த செல்வங்களுள் பேச்சுக்கு இணையானது வேறொன்றில்லை என்பர் பெரியோர். திருவள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆனால், சொல்ல வேண்டியது நெஞ்சில் தெளிவாக இருந்தும், அதற்குரிய ஒலி தொண்டையிலோ நாவிலோ இதழிலோ தடைப்பட்டு நிற்கும் மனிதரைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அவருடைய துன்பம் தீர உலகம் எந்தெந்த முறைகளைக் கையாண்டது? அவற்றுள் எவை பொய்த்தன? எவை பயன்பட்டன? இவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் மருத்துவன் அல்லேன். திருவள்ளூர் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் வேலை செய்கின்றனர். அவர்களுள் சிலர் திக்கிப் பேசுவோர். நல்ல தொழிலறிவு படைத்த அவர்கள் நேர்முகத் தேர்வு என்றாலே அஞ்சுவதைக் கண்டிருக்கின்றேன். அந்த அச்சமே என்னை இத்துறை நூல்களைப் படிக்கத் தூண்டியது.

திக்குதல் என்பது யாது? ஓர் ஒலியையோ அசையையோ மீண்டும் மீண்டும் சொல்லுதல் ஒருவகை. ஓர் ஒலியை வேண்டாத அளவுக்கு நீட்டுதல் மற்றொரு வகை. வாய் சொல்லுக்குரிய நிலையில் இருந்தும் ஒலி வெளிவராமல் முற்றும் அடைபட்டு நிற்றல் மூன்றாவது வகை. இம்மூன்றும் ஒருவரிடமே கலந்து வருவதுண்டு. நம் மொழியில் திக்குவாய், தெற்றுவாய், கொன்னை எனப் பல சொற்கள் இதற்கு வழங்குகின்றன. கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் ஆதலால், அங்கே தெலுங்கர் இதனை ‘நத்தி’ என்று கூறக் கேட்கலாம். வடநாட்டுத் தொழிலாளர் ‘ஹக்லானா’ என்பர். எம்மொழியிலும் இக்குறைக்குப் பெயர் உண்டு. அப்பெயரையே ஏளனப் பெயராக மாற்றும் கொடுமையும் எம்மொழியிலும் உண்டு.

குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் ஏதேனும் ஒரு காலத்தில் திக்குகின்றனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு அது தானே மறைந்துவிடும். எஞ்சியவர்களுக்கு அது நிலைத்துவிடுகிறது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் திக்குவதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் பெண் ஒருவருக்கு ஆண் நால்வர் என்ற விகிதத்தில் ஆண்களே மிகுதி. அப்படியாயின், 500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 5 பேராவது இத்துன்பம் உடையவராக இருத்தல் கூடும். நாம் அவர்களை அறியாமல் இருப்பதற்குக் காரணம், அவர்கள் வாய் திறவாமல் இருப்பதே.

பண்டைக் காலத்தார் இதற்குக் காரணம் தேடாமல் இல்லை. வடமொழியில் உள்ள சுசுருத சம்ஹிதை, வாத நோய்களைக் கூறும் பகுதியில், கபத்தோடு கூடிய வாயு ஒலியைக் கொண்டு செல்லும் நாடிகளை அடைப்பதால் ஊமைத்தன்மையும், மூக்கால் பேசுதலும், திக்குதலும் தோன்றுகின்றன என்று உரைக்கிறது. இன்றைய அறிவியல் இவ்விளக்கத்தை ஏற்காது. எனினும், திக்குதலைப் பாவத்தின் பயனாகக் கருதாமல் உடலின் ஒரு நிலையாக அவர்கள் கண்டது நினைக்கத்தக்கது. நம் தொல்காப்பியம் திக்குவாயைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆனால் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களால் எழுத்தொலியாக உருவாகும் வகையை அது நுட்பமாக விளக்குகிறது. அப்பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்கு உதவும்.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், எண்ணத்தின் வேகத்திற்கு நா ஈடுகொடுக்க இயலாமையே காரணம் என்று கருதினார். அதே காலத்தில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தவர் டெமாஸ்தனீஸ். பேச்சில் குறையுடையவராக இருந்து, பின்னர்த் தலைசிறந்த சொற்பொழிவாளர் ஆனவர் அவர். வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகினார் என்றும், மேட்டில் ஏறிக்கொண்டே மூச்சடக்கிப் பேசினார் என்றும், நிலைக்கண்ணாடி முன் நின்று பயின்றார் என்றும் புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். இக்கதை உலகெங்கும் பரவியது. விளைவு யாதெனில், பயிற்சியை மறந்துவிட்டுக் கூழாங்கல்லை மட்டும் மக்கள் பிடித்துக்கொண்டனர்! நம் சிற்றூர்களிலும் திக்கும் பிள்ளையின் வாயில் கல்லை இடும் வழக்கம் இருந்தது. நாவில் வசம்பைத் தேய்ப்பதும் உண்டு. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே கேடு. வசம்பால் திக்குதல் தீர்ந்ததாக எந்த ஆய்வும் இல்லை. டெமாஸ்தனீஸுக்குக் கைகொடுத்தது கல் அன்று. நாள்தோறும் செய்த பயிற்சியும், அவையில் மீண்டும் ஏறி நின்ற துணிவுமே எனக் கொள்ளுதல் பொருத்தம்.

குறை நாவில் இருக்கிறது என்ற எண்ணம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தது. அதன் கொடிய முடிவை 1841-ஆம் ஆண்டில் காண்கிறோம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் டீஃபன்பாக் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், திக்குவோரின் நாவின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்தார். நாவின் இறுக்கத்தைப் போக்கினால் திக்குதல் ஒழியும் என்பது அவர் கொள்கை. ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவைக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது 1846-க்குப் பின்னர்தான். ஆகவே அந்த நோயாளிகள் உணர்வோடு இருந்தே அவ்வேதனையைத் தாங்கினர். பிரான்சிலும் இங்கிலாந்திலும் வேறு மருத்துவர்கள் இம்முறையைப் பின்பற்றினர். குருதிப்போக்கால் துன்புற்றோர் பலர், பயனோ நிலைக்கவில்லை. சிறிது காலத்திலேயே அறுவை கைவிடப்பட்டது. அவ்வளவு வலியைத் தாங்கவும் மனிதர் முன்வந்தனர் என்றால், பேச இயலாத துன்பம் எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

அதே நூற்றாண்டில் வேறொரு வழியும் தோன்றியது. பிரான்சு நாட்டுக் கொலம்பா என்பவர், தாளத்திற்கு ஏற்ப ஒவ்வோர் அசையாகப் பேசும் பயிற்சியை அளித்தார். தாளம் காட்டும் கருவி ஒன்றையும் அதற்கெனப் பயன்படுத்தினார். இதில் ஓர் உண்மை இருந்தது. திக்குவோர் பெரும்பாலும் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் திக்குவதில்லை. இதனை நம் பழைய திண்ணைப் பள்ளி ஆசிரியர்களும் கண்டிருப்பர். வகுப்பு முழுவதும் வாய்பாட்டை ஒன்றாக ஒப்பிக்கையில் தடையின்றி ஒலிக்கும் ஒரு பிள்ளையின் குரல், தனியே எழுந்து நிற்கும்போது அடைபட்டுவிடும். ‘கூட்டத்தில் சொல்கிறாய், தனியே சொல்ல மாட்டாயா?’ என்று பிள்ளையைக் கடிந்த காலமும் இருந்தது. பிள்ளையின் பிடிவாதம் அதற்குக் காரணமன்று. புறத்தே கேட்கும் தாளமும் பிறர் குரலும், எப்போது எந்த ஒலியைத் தொடங்குவது என்னும் கணக்கை மூளைக்கு எளிதாக்கித் தருகின்றன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆனால் வாழ்நாள் முழுவதும் தாளமிட்டுக்கொண்டே ஒருவர் பேச முடியுமா? தாளம் நின்றதும் திக்குதல் திரும்பியது. அன்றியும், எந்திரம் போல் பேசுவதற்குப் பலர் நாணினர்.

இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியின் களம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திற்கு மாறியது. 1920-களில் அங்கே ஆர்ட்டன், டிராவிஸ் என்னும் இருவர், மூளையின் இரு பாதிகளில் ஒன்று மேலோங்காமல் இருப்பதே திக்குதலுக்குக் காரணம் என்றனர். இடக்கைப் பழக்கமுடைய பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவது இதனைத் தூண்டும் என்று கருதிச் சிலருடைய வலக்கையைக் கட்டியும் வைத்தனர். இம்முறை பயனளிக்கவில்லை. எனினும், காரணம் நாவில் இல்லை, மூளையில் உள்ளது என்று அவர்கள் தேடத் தொடங்கியது ஒரு திருப்பமே.

அங்கே படிக்க வந்தவர்களுள் ஒருவர் வெண்டல் ஜான்சன். இவரே திக்குவாய் உடையவர். பெற்றோர் பிள்ளையின் இயல்பான தடுமாற்றத்தைக் குறையென்று சுட்டிக்காட்டுவதே திக்குதலை உண்டாக்குகிறது என்பது இவர் கொள்கை. இவருடைய மேற்பார்வையில் 1939-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. அநாதை விடுதிக் குழந்தைகள் 22 பேர் அதற்கு உட்படுத்தப்பட்டனர். இயல்பாகப் பேசிய சில குழந்தைகளிடமும் ‘உன் பேச்சில் குறையிருக்கிறது, திருத்திக்கொள்’ என்று திரும்பத் திரும்பக் கூறினர். அக்குழந்தைகள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் அவர்களுள் சிலர் கூச்சமுற்றுப் பேச்சையே குறைத்துக்கொண்டனர். பல ஆண்டுகள் மறைந்து கிடந்த இச்செய்தி 2001-ஆம் ஆண்டு வெளியானபோது, அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. அறிவுத் தேட்டம் அறத்தை மறந்தால் என்னவாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆசிரியராக வர விரும்பும் மாணவர்கள் இதனை மறத்தல் ஆகாது.

இங்கிலாந்திற்கு வருவோம். யார்க் கோமகன் ஆல்பர்ட் இளமை முதல் திக்கியவர். 1925-ஆம் ஆண்டு வெம்பிளி பொருட்காட்சியின் நிறைவு விழாவில் அவர் பேசப்பட்ட பாட்டை ஒலிபெருக்கி எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது. 1926-இல் அவர் லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியரை நாடினார். லோக் மருத்துவப் பட்டம் பெறாதவர்; பேச்சுக்கலை ஆசிரியர். முதல் உலகப் போரில் அதிர்ச்சியுற்றுப் பேச்சு தடைப்பட்ட வீரர்களுக்குப் பயிற்சியளித்த பழக்கம் அவருக்கு இருந்தது. மூச்சை ஆழ்ந்து இழுத்து விடுதல், உடலின் இறுக்கத்தைத் தளர்த்துதல், சொற்றொடரைத் தக்க இடங்களில் பிரித்து நிறுத்திப் பேசுதல் ஆகியவை அவர் தந்த பயிற்சிகள். கோமகன் 1936-இல் ஆறாம் ஜார்ஜ் அரசரானார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் போர் தொடங்கியபோது, அவர் வானொலியில் மக்களுக்குப் பேச வேண்டியதாயிற்று. லோக் அருகில் நின்றார். நிறுத்த வேண்டிய இடங்கள் பேச்சுத்தாளில் குறிக்கப்பட்டிருந்தன. அரசர் மெல்ல, இடைவெளி விட்டுப் பேசி முடித்தார். அவர் திக்குதலினின்று முற்றும் விடுபட்டார் என்று கூற இயலாது. ஆனால் பேச வேண்டிய நாளில் பேசினார். முற்றும் தீர்வது வேறு. பேச வேண்டியதைப் பேசிவிடுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே பின்வந்த சிகிச்சை முறைகளின் அடிப்படையாயிற்று.

அவ்வடிப்படையை உறுதியாக நாட்டியவர் சார்லஸ் வான் ரைப்பர். 1905 முதல் 1994 வரை வாழ்ந்த இவ்வமெரிக்கரும் திக்குவாய் உடையவரே. இளமையில் ஒருநாள் சாலையில் சந்தித்த முதியவர் ஒருவர், தாமும் திக்குவாயர் என்றும், முதுமையில் தம்மோடு தாமே போராடச் சலித்துச் சொற்களை எளிதாகக் கசியவிடுவதாகவும் கூறினாராம். அதனைக் கேட்ட வான் ரைப்பர் சிந்தித்தார். திக்காமல் இருக்க முயல்வதுதான் திக்குதலைக் கடுமையாக்குகிறதோ? அப்படியாயின், எளிதாகத் திக்கக் கற்பித்தால் என்ன? இக்கேள்வியிலிருந்தே அவர் முறை பிறந்தது.

அம்முறையின் முதற்படி, தம்மைத் தாமே அறிதல். திக்கும்போது இதழ் எவ்வாறு இறுகுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, கண் ஏன் மூடுகிறது என்பனவற்றைக் கண்ணாடியிலும் ஒலிப்பதிவிலும் கண்டறிய வேண்டும். இரண்டாம்படி, அச்சத்தைத் தேய்த்தல். கடையிலும் தெருவிலும் வேண்டுமென்றே சிறிது திக்கிப் பேசி, உலகம் இடிந்து விழுவதில்லை என்று கண்டுகொள்ள வேண்டும். மூன்றாம்படி, திக்கலை மாற்றியமைத்தல். இதில் மூன்று பயிற்சிகள் உள்ளன. இலக்கணம் படித்த நமக்கு அவற்றை முக்காலம் என்று கூறினால் எளிதில் விளங்கும். ‘பொன்னேரி’ என்ற சொல்லில் ஒருவர் திக்கிவிட்டார் எனக் கொள்வோம். முடித்தபின் சில நொடி நின்று, அதே சொல்லை மெல்ல மீண்டும் சொல்லுதல் முதற்பயிற்சி. இஃது இறந்தகாலத்தைத் திருத்துவது. பழகியபின், திக்கும்போதே இதழின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஒலியை நீட்டி வெளிவருதல் அடுத்தது. இது நிகழ்காலத்தில் செய்வது. மேலும் பழகியபின், அச்சொல் வருமுன்னரே இதழை மென்மையாக வைத்துத் தொடங்குதல் மூன்றாவது. இஃது எதிர்காலத்திற்கு ஆயத்தமாவது. பின்னிருந்து முன்னோக்கிக் கற்பிப்பதே இதன் நுட்பம்.

ஜோசப் ஷீஹன் என்னும் மற்றோர் அறிஞர் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தார். அவரும் திக்கியவரே. திக்குதலைக் கடலில் மிதக்கும் பனிமலைக்கு ஒப்பிட்டார் அவர். வெளியே கேட்கும் திக்கல் நீருக்கு மேல் தெரியும் சிறுபகுதி. நாணமும் அச்சமும் ஒளித்தலும் நீருக்குள் மறைந்திருக்கும் பெரும்பகுதி. இவ்வுவமையின் உண்மையை நம் புறநகர் ரயிலிலேயே கண்டிருக்கின்றேன். என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பும்போது பயணச்சீட்டுக்கு ‘கும்மிடிப்பூண்டி’ என்று கேட்க வேண்டும். ‘கு’ என்னும் முதலெழுத்திலேயே தொண்டை அடைக்கும். பின்னால் நிற்போர் முணுமுணுப்பர். ஆகவே அவர் அதற்கும் அடுத்த நிலையமான எளாவூருக்குச் சீட்டு வாங்கிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவார். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் அவருக்கு எளிது. கேட்போர் அவரைத் திக்குவாயர் என்று அறியவே மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே எண்ணி மாற்றிக்கொண்டிருக்கும் அவ்வுள்ளம் எவ்வளவு களைத்திருக்கும்! சொல்லை மாற்றலாம், ஊரை மாற்றலாம். தன் பெயரை மாற்ற முடியுமா? திக்குவோர் பலருக்குத் தம் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருப்பதற்குக் காரணம் இதுவே. நேர்முகத் தேர்வில் முதற்கேள்வி பெயராகவே இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வான் ரைப்பர் வழிக்கு இணையாக மற்றொரு வழியும் வளர்ந்தது. அது பேசும் முறையையே புதிதாக அமைப்பது. பெர்னார்ட் லீ என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒருவர் குரலை ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து அவர் காதிலேயே கேட்கச் செய்தால், நன்றாகப் பேசுவோரும் தடுமாறுவதை 1950-ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். வியப்பு என்னவெனில், திக்குவோர் பலர் அதே நிலையில் நிதானமாக ஒலிகளை நீட்டிப் பேசித் தடை குறைந்தனர். 1960-களில் கோல்டயமண்ட் என்பவர் இதனைச் சிகிச்சையாக மாற்றினார். பின்னர்க் கருவி இல்லாமலே இப்பயிற்சி நடைபெறலாயிற்று. சிட்னி நகரில் உருவான காம்பர்டவுன் முறையில், பயில்வோர் பதிவு செய்யப்பட்ட மாதிரிப் பேச்சைக் கேட்டு அதனைப் பின்பற்றுகின்றனர்.

இப்பயிற்சியின் உட்கூறுகளை விளக்கத் தொல்காப்பியப் பிறப்பியலைத் துணைக்கு அழைக்கலாம். காற்று உந்தியிலிருந்து எழ வேண்டும். ஆகவே மூச்சு சீராகப் புறப்படும் முன்னர்ச் சொல்லைத் தொடங்கலாகாது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு மிடறு திடுமென மூடித் திறக்காமல், மெல்லிய காற்றோடு ஒலி எழ வேண்டும். வல்லெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு இதழோ நாவோ அழுந்தாமல் இலேசாகத் தொட்டு நீங்க வேண்டும். ஓர் அசைக்கும் மறு அசைக்கும் இடையே குரல் அறுபடாமல் தொடர வேண்டும். முதலில் மிக மெதுவாகவும், பின்னர்ப் படிப்படியாக இயல்பான வேகத்திலும் பேச வேண்டும். தனியறையில் கைவந்த பயிற்சியை வீட்டிலும், தொலைபேசியிலும், அயலாரிடமும், அவையிலும் ஒவ்வொன்றாகச் செய்து பழக வேண்டும். பயிற்சியறையில் நன்றாகப் பேசியவர் தொழிற்சாலை வாயிலில் திக்குவதுண்டு. அதனைத் தோல்வி என்று கருதலாகாது. அடுத்த படி எது என்பதற்கு அது குறிப்பு. இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் பலர் இவ்விரு வழிகளையும் கலந்தே கையாளுகின்றனர். இவை திக்குதலைக் குறைக்கும், எளிதாக்கும். ஆனால் பயிற்சி நின்றால் பழைய நிலை திரும்புவது உண்டு. ‘சில நாளில் அடியோடு தீர்த்துவிடுவோம்’ என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

காரணத்தைப் பற்றிய அறிவும் வளர்ந்துள்ளது. திக்குவோரின் மூளையில், பேச்சசைவுக்குரிய இடப்பாதிப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் வேறுபாடு இருப்பதை 2002-ஆம் ஆண்டு ஜெர்மனிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்கக் குழு, திக்குதலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் சிலவற்றை 2010-இல் வெளியிட்டது. தாயின் வளர்ப்புக் குறையோ, பிள்ளையின் கோழைத்தனமோ, அறிவுக் குறைவோ இதற்குக் காரணம் என்ற பழிக்கு இனி இடமில்லை. அச்சம் திக்கலைப் பெருக்கலாம். ஆனால் அதன் வேர் அச்சத்தில் இல்லை.

நம் நாட்டில் இக்கல்வி வேரூன்றியது 1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தால் எனலாம். அதன் கட்டடத்திற்கு 1966-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவர், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் 1888-இல் நம் திருத்தணியில் பிறந்தவர்; மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். சொல்லாற்றலால் உலகப் புகழ் பெற்ற நம் மாவட்டத்துப் பெருமகன், சொல் தடைப்பட்டோருக்கான நிலையத்திற்குக் கல் நாட்டியது எத்துணைப் பொருத்தம்! அங்கே பயின்றோர் இந்தியாவின் பல பகுதிகளில் பணிபுரிகின்றனர். இத்துறைப் பயிற்சியாளரின் கல்வியையும் பதிவையும் 1992-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. ஆகவே சிகிச்சைக்குச் செல்வோர், பயிற்சியாளர் அக்குழுவில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிதல் நன்று.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டைத் தனி வகையாகச் சேர்த்தது. ஆனால் அதன் வரையறை, குரல்வளை அகற்றம், மூளைப் பாதிப்பால் மொழியிழத்தல் போன்ற நிலைகளைச் சுட்டுகிறதே அன்றித் திக்குதலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே திக்குவோர் பெரும்பாலும் தம் கூட்டுறவையே நம்ப வேண்டியுள்ளது. 2008-ஆம் ஆண்டு டேராடூன் அருகே தொடங்கிய இந்தியத் திக்குவோர் சங்கம் அத்தகையது. திக்குவோரே கூடி, ஒருவர் முன் ஒருவர் அஞ்சாமல் பேசிப் பழகும் தன்னுதவிக் குழுக்களை அது வளர்த்து வருகிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1957-ஆம் ஆண்டு முதலமைச்சரானவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. அவர் திக்கிப் பேசுவார் என்பது நாடறிந்த செய்தி. ‘நீங்கள் எப்போதும் திக்குவீர்களா?’ என்று கேட்ட ஒருவரிடம், ‘இல்லை, பேசும்போது மட்டும்’ என்று விடையிறுத்தாராம். அவர் திக்கியவாறே பேசினார். மக்கள் காத்திருந்து கேட்டனர். அவர் கருத்தை ஏற்றோரும் மறுத்தோரும் அவர் பேச்சை முடிக்க இடம் கொடுத்தனர்.

இவ்வரலாற்றில் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. முதலில் நாவைக் குற்றவாளியாக்கிக் கல்லிட்டனர், கத்தியிட்டனர். அடுத்து, திக்குவோரே ஆராய்ச்சியாளராகி, சண்டையிடாமல் பேசும் வழியைக் கண்டனர். மூன்றாம் நிலை இப்போது நம் கையில் இருக்கிறது. அது கேட்போரின் பயிற்சி. பேச்சு இருவர் செயல் அன்றோ? பயிற்சியாளர் திக்குவோரின் மூச்சையும் இதழையும் திருத்தலாம். எதிரே இருப்பவரின் பொறுமையின்மையை அவர் எவ்வாறு திருத்துவார்?

கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் நாளை மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் அமரப் போகின்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். உங்கள் முன்னே வந்து ஓர் இளைஞர் தம் பெயரைச் சொல்லத் தடுமாறினால், நீங்கள் செய்ய வேண்டியவை மிகச் சில. அவருடைய சொல்லை நீங்கள் முடித்துவிடாதீர்கள். ‘பதறாதே, மெல்லச் சொல்’ என்று அறிவுரை கூறாதீர்கள். அது அவருக்குத் தெரியாத செய்தியன்று. முகத்தைத் திருப்பாமல் இயல்பாக நோக்கிக் காத்திருங்கள். எப்படிச் சொன்னார் என்பதை விட்டு, என்ன சொன்னார் என்பதைக் கேளுங்கள். பற்றவைப்பிலோ கடைசல் பொறியிலோ அவருக்குள்ள திறமையை அளக்க வேண்டிய இடத்தில், நாவின் வேகத்தை அளந்து அனுப்பிவிடாதீர்கள். ஆபத்துக் காலத்தில் அறிவிக்க ஒலிமணி, விளக்கு முதலியவை தொழிற்சாலையில் இருக்கவே செய்கின்றன. அதனைக் காட்டி அவருக்குப் பதவி உயர்வை மறுப்பது முறையாகாது.

உங்களுள் திக்குவோர் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு சொல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சென்று, பேச்சுப் பயிற்சி பெற வழி கேளுங்கள். வயது கடந்துவிட்டது என்று எண்ண வேண்டா. வான் ரைப்பரின் முறையும், ஒலி நீட்டும் முறையும் வயது வந்தோருக்கென்றே வகுக்கப்பட்டவை. அதுவரையில், எளாவூருக்குச் சீட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்குமாயின், ஒரே ஒரு நாள் கும்மிடிப்பூண்டி என்றே கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். வரிசையில் பின்னால் நிற்போர் நாங்கள், காத்திருக்கக் கற்றுக்கொள்கிறோம்.